உபயோகத்தில் இல்லாத எண்

ரேடியோ என்றுதான் தெருவில் எல்லாரும் அவளைக் கூப்பிடுவார்கள். சின்ன வயதில் வாய் ஓயாமல் பேசியதற்கு வைத்த பெயர். பிறகு பேசுவதே பிழைப்பாகிப் போனதால் பெயரும் ஒட்டிக்கொண்டது.

வீட்டின் பின்னறையை ஒலிப்பதிவு ஸ்டூடியோவாக மாற்றியிருந்தாள். சுவர் முழுக்க ஸ்பாஞ்ச், கதவுக்கு உள்ளே இன்னொரு கதவு, ஜன்னல் இருந்த இடத்தில் செங்கல். உள்ளே போய்ச் சாத்திக்கொண்டால் இதயம் அடித்துக்கொள்வதுகூடக் கேட்கும். விளம்பரம், பாடப்புத்தகம், கம்பெனிகளின் "ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும்" எல்லாம் அந்த அறையிலிருந்துதான் போகும். வேலை கொடுப்பவர்கள் நேரில் வருவதில்லை. ஃபோனில் இருந்தபடியே அவள் படிப்பதைக் கேட்டு, "இந்த வரியைக் கொஞ்சம் சிரிச்சுக்கிட்டே சொல்லுங்க" என்று திருத்தம் சொல்வார்கள். அதற்காக வீட்டின் பழைய கம்பி ஃபோனை ஒலி மிக்சரோடு இணைத்து வைத்திருந்தாள்.

அன்றைக்கு ஒரு இருமல் மருந்து விளம்பரம். மத்தியான நேரம். புருஷன் தன் மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போயிருந்தான். வீட்டில் ஈ காக்கை இல்லை. மூச்சை இழுத்து முதல் வரியை ஆரம்பிக்கப் போன சமயத்தில், ஹெட்ஃபோனுக்குள், இடது காதோரமாக ஒரு பெண் குரல் சொன்னது:

"கதவைத் தாழ் போட்டுக்கோ."

ரேடியோ திரும்பிப் பார்த்தாள். கதவு சாத்தியபடி இருந்தது. ஸ்பாஞ்ச் சுவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

"மேடம், பக்கத்துல யாராவது இருக்காங்களா?" என்றார் விளம்பரக் கம்பெனிக்காரர்.

"இல்லையே சார்."

"ஒரு அம்மா பேசுறாங்களே. எங்களுக்கு நல்லாக் கேட்குது."

தனக்கு மட்டும்தான் கேட்கிறது என்றில்லை என்று ஒரு நிமிஷம் நிம்மதி. மறு நிமிஷம் அதுவே பயமாகிவிட்டது. லைன் கோளாறு என்று ஏதோ சொல்லிச் சமாளித்து, உள்கதவையும் வெளிக்கதவையும் திறந்து போட்டுக்கொண்டு முற்றத்தில் போய் நின்றாள்.

சாயங்காலம் புருஷனிடம் சொன்னபோது அவன் சிரித்தான். "உன்னை விடப் பேசுற ஆள் இந்த வீட்டுல இன்னொருத்தியா? வீடு தாங்காதும்மா."

"விளையாடாதீங்க. என் காதுக்குள்ள வந்து பேசுது."

"கண்ணுன்னா டெஸ்ட் பண்ணி நம்பர் சொல்லுவேன். காதுக்கு நான் என்ன பண்றது?" என்றான். ஆனாலும் சாப்பிட்டு முடித்ததும் தானே போய் ஸ்டூடியோ அறையின் மூலை முடுக்கெல்லாம் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு வந்தான்.

மறுநாளும் அந்தக் குரல் வந்தது. அதற்கு மறுநாளும். மத்தியானம்தான். "சாப்பிட்டியா?" என்று கேட்கும். பதிலுக்குக் காத்திருப்பது போல ஒரு இடைவெளி. "எனக்கு என்னமோ இன்னைக்கு இறங்கவே இல்லை." மறுபடி இடைவெளி. "வெளியில இருட்டிக்கிட்டு வருது. துணியெல்லாம் காயலை." இவ்வளவுதான். பயமுறுத்துகிற பேச்சு ஒன்றும் இல்லை. வீட்டு ஆள் பக்கத்து அறையிலிருந்து பேசுவது போலத்தான் இருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

ஃபோன் ஆபீஸில் புகார் கொடுத்ததும் லைன்மேன் வந்தார். முன்பக்கத்துப் பெட்டியைத் திறந்து, காதில் ஒரு ரிசீவரை வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டார்.

"பேயும் இல்லை பிசாசும் இல்லைக்கா. ஈரம்," என்றார். "பூமிக்கு அடியில கேபிள் ஊறிப் போய்க் கிடக்கு. ஒருத்தர் கம்பியில பேசுறது பக்கத்துக் கம்பியிலயும் கசியுது. உங்க லைனும் பின்தெரு லைனும் ஒரே பெட்டிக்குத்தான் போகுது."

"அப்போ சரி பண்ணிக் குடுங்க."

"இதை இனிமே யாருக்கா தோண்டிக்கிட்டு இருப்பாங்க? வருஷ முடிவுக்குள்ள கம்பி ஃபோனையே எடுத்துடப் போறாங்க. ஊரே இன்டர்நெட் ஃபோனுக்குப் போயிடுச்சு. நீங்களும், இன்னும் ரெண்டு மூணு வீடும்தான் பாக்கி. நல்ல கம்பெனியாப் பார்த்து மாறிடுங்க."

அவர் போன பிறகு ரேடியோவுக்கு உடம்பு லேசானது. பேய் இல்லை, உயிரோடு இருக்கிற யாரோ ஒரு பொம்பளை. இத்தனை நாள் பயந்ததை நினைத்துத் தனக்குத் தானே சிரித்துக்கொண்டாள்.

இன்டர்நெட் ஃபோன் தேடும் படலம் ஆரம்பித்தது. மற்றவர்களுக்கு ஃபோன் என்றால் பேசினால் போதும். அவளுக்கு அப்படி இல்லை. குரல் பிசிறில்லாமல் போக வேண்டும், அந்தப் பக்கத்துத் திருத்தம் உடனுக்குடன் வர வேண்டும். கண்டவனையும் கூப்பிட்டு விசாரித்தாள். முதலில் வந்த கம்பெனி ஒரு சின்னக் கறுப்புப் பெட்டியைக் கொடுத்துப் பத்து நாள் வைத்துப் பாருங்கள் என்றது. தகரத்தில் மணலைக் கொட்டினது போல அவள் குரலை அது அரைத்துத் தள்ளியது. இரண்டாவது கம்பெனியில் பெட்டி கிடையாது, எல்லாம் செல்ஃபோனிலேயே. குரல் கண்ணாடி மாதிரி தெளிவு. ஆனால் சொன்னது போய்ச் சேர ஒரு தாமதம். இவள் படித்து முடித்து மூச்சு விட்ட பிறகு அந்தப் பக்கம் "நிறுத்துங்க" என்பார்கள். அதற்குள் இவள் அடுத்த வரியில் பாதி தூரம் போயிருப்பாள். இரண்டு பேரும் ஒருத்தர் வாயில் ஒருத்தர் விழுந்து, கடைசியில் பாடப்புத்தகக்காரர் எரிச்சலாகி லைனை வைத்துவிட்டார்.

அதனால் பழைய கம்பி லைன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. மத்தியானமானால் அந்தக் குரலும் வந்தது. பயம் விட்டுப் போனதும் ரேடியோவுக்கு அதைக் கேட்கிற பழக்கம் வந்துவிட்டது. அந்த நேரத்தில் வேலை எதையும் வைத்துக்கொள்ளாமல் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அடுத்தவங்க பேசுறதை ஒட்டுக் கேட்கிறது நல்லாவா இருக்கு?" என்றான் புருஷன்.

"அந்தப் பக்கம் யாருமே பேசுறதில்லைங்க. அதான் என்னன்னு தெரியலை. ஒரு தடவைகூடப் பதில் வரலை."

"பதில் சன்னமா இருக்கும். உனக்குக் கேட்கலை."

எனக்கா கேட்காது என்று அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒரு நாள் பேச்சை முழுசாகப் பதிவு செய்து, கம்ப்யூட்டரில் போட்டு, அந்த அம்மாவின் குரலை அமுக்கி, இடைவெளிகளை மட்டும் தூக்கிவிட்டாள். முதலில் வெறும் இரைச்சல். இரைச்சலைச் சலித்து எடுத்தபோது அதற்கு அடியில், மழைக்குள் நிற்கிற ஆள் போல, இன்னொரு குரல் தெரிந்தது. இளம் பெண்ணின் குரல். நிதானமான, மரியாதையான குரல்.

"நீங்கள் அழைத்த எண் தற்போது உபயோகத்தில் இல்லை."

திரும்பத் திரும்ப அதே வரி. அதன் நடுவில்தான் அந்த அம்மா "சாப்பிட்டியா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

ரேடியோ ஹெட்ஃபோனைக் கழற்றி மேஜையில் வைத்தாள். அந்த இளம் குரல் அவளுடையது.

கல்யாணத்துக்கு முன்னால், அவள் வாங்கிய முதல் வேலை அது. ஃபோன் கம்பெனி அறிவிப்புகள். நகரத்து ஸ்டூடியோ ஒன்றில் நாள் முழுக்க நின்று, "இல்லை", "முடியவில்லை", "பிறகு முயலவும்" என்று விதவிதமாகச் சொல்லிவிட்டு வந்தாள். அத்தோடு மறந்தும் போனாள். அது பாட்டுக்கு இத்தனை வருஷமாக எந்த எந்த வீட்டிலோ எந்த எந்தக் காதிலோ இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது என்று அவள் ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை. சில வாரம் முன்னால் இன்னொருத்தி குரல் தன் காதுக்குள் வந்ததற்கு அப்படி நடுங்கினாளே. அதற்கு முன்னாலேயே அவள் குரல் அந்தப் பொம்பளையின் காதுக்குள் குடியேறியிருந்தது.

மூன்றாவது கம்பெனியிலிருந்து ஒரு சின்னப் பெண் பேசினாள். இந்தக் கம்பெனியின் பெட்டியில் பிசிறும் இல்லை, தாமதமும் இல்லை. பழைய நம்பரை அப்படியே கொண்டுவரலாம். தொழிலுக்கென்று தனியாக இரண்டாவது நம்பர் ஒன்றும் உண்டு.

"ஃபேன்சி நம்பர் ஏதாவது மனசுல வச்சிருக்கீங்களா மேடம்? காலியா இருந்தா எடுத்துத் தர்றேன்."

ரேடியோ வாயைத் திறந்தாள். அந்தப் பதிவின் ஆரம்பத்தில் அந்த அம்மா நம்பரை அழுத்துகிற சத்தம் இருந்தது. ஒவ்வொரு எண்ணுக்கும் ஒவ்வொரு சத்தம். கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் எந்த எண் என்று அது சொல்லிவிடும். சொல்லியிருந்தது. அது அவளுக்கு மனப்பாடம் ஆகியிருந்தது. நினைத்துப் பார்ப்பதற்குள் வாய் அதை ஒப்பித்துவிட்டது.

கீபோர்டு தட்டுகிற சத்தம் கேட்டது. "அட, இருக்கே மேடம். ரொம்ப நாளா காலியாத்தான் கிடக்கு. போட்டுடவா?"

"போட்டுடும்மா."

புருஷனிடம் சொன்னபோது அவன் சாப்பாட்டுத் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டான். "இது என்ன விபரீத விளையாட்டு? யாரோட நம்பரோ, என்ன கதையோ."

"இத்தனை வருஷமா இல்லை இல்லைன்னு சொன்ன வாய்ங்க. ஒரு தடவையாவது என்னன்னு கேட்கட்டுமே."

"கேட்டுட்டு?"

அவள் அவன் தட்டில் இன்னொரு கரண்டி சோற்றைப் போட்டாள்.

புதுப் பெட்டி வந்து பச்சை விளக்கு எரிந்த மறுநாள் மத்தியானம், அந்த நம்பருக்கு மணி அடித்தது. ரேடியோ கையை நீட்டுவதற்குள் நின்றுவிட்டது. மறுபடி அடித்தது, பாதி மணியில் அறுந்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இல்லாத நம்பர் என்று இத்தனை காலம் கேட்ட காதில் இன்று மணி அடிக்கிறது. அந்தப் பக்கம் நிற்கிற மனுஷிக்கு எப்படி இருக்கும்! ஐயோ, என்ன காரியம் செய்துவிட்டோம்! மூன்றாம் முறை அடித்தபோது எடுத்துவிட்டாள்.

"வணக்கம்..."

பிறகு, இத்தனை நாள் கசிந்து வந்த அந்தக் குரல், இப்போது எந்த ஈரமும் இரைச்சலும் இல்லாமல், நேருக்கு நேராக வந்தது.

"நீதானே?"

"அம்மா..."

"நீதான். உன் குரல் எனக்குத் தெரியாதா?" குரல் நடுங்கத் தொடங்கியது. "அப்போ நீ அவனோடதான் இருந்தியா? இத்தனை வருஷமும் அவன் பக்கத்துல உட்கார்ந்துக்கிட்டுத்தான் இல்லை இல்லைன்னு சொன்னியா?"

"இல்லைம்மா, நான் வந்து—"

"பேசாதே. அவனைக் கூப்பிடு."

"அம்மா, நான் உங்க முன்தெருவுலதான் இருக்கேன். நேர்ல வந்து எல்லாத்தையும் சொல்றேன்."

"நீ வர வேண்டாம். அவனை அனுப்பு," என்றாள் அந்த அம்மா. லைன் அறுந்தது.

ரேடியோ உடனே லைன்மேனுக்கு ஃபோன் போட்டாள். கஸ்டமர் விவரம் வெளியே சொல்லக் கூடாதுக்கா என்று முதலில் பிகு பண்ணினார். இவள் அழுகிற சத்தம் கேட்டதும், "டைப்பிஸ்ட் அம்மாவா இருக்கும். கோர்ட்டுல டைப்பிஸ்டா இருந்து ரிட்டயர் ஆனவங்க. நீல கேட். கம்பியைத் தொட்டா கையை ஒடிப்பேன்னு என்னையே விரட்டின ஆளு, பார்த்துப் போங்க," என்றார்.

நீல கேட் திறந்தே கிடந்தது. முன்னறையில், வாசலைப் பார்த்துப் போட்ட நாற்காலியில் அந்த அம்மா உட்கார்ந்திருந்தாள். மெலிந்த உடம்பு. அவசரமாகத் தலை சீவிக்கொண்டது தெரிந்தது. சீப்பு இன்னும் கையில் இருந்தது. ரேடியோவைத் தாண்டி, அவளுக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தாள். யாரும் வரவில்லை என்று தெரிய அவளுக்கு வெகுநேரம் பிடித்தது.

ரேடியோ தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். கேபிள் ஈரம், கசிந்த பேச்சு, பழைய பதிவு, நம்பரை வாங்கியது. எதையும் மறைக்கவில்லை. டைப்பிஸ்ட் அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். நடுவில் ஒரு தடவை மட்டும், "நிஜமாவே அதே குரல்தான்," என்றாள்.

பிறகு அவளே பேசினாள்.

"அவன் வேலையை விட்டுட்டேன்னு வந்து நின்னான். அது மூணாவது வேலை. எனக்கு ஆத்திரம். போறதுன்னா போ, திரும்பி என் முகத்துலயே முழிக்காதேன்னு சொன்னேன். எந்த அம்மாதான் சொல்லலை? மத்தவங்க பிள்ளைங்க எல்லாம் சாயங்காலம் பசிச்சா வந்துடும். என் பிள்ளை சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை."

போலீஸ் தேடியது. கிடைக்கவில்லை. கொஞ்ச காலம் அவன் நம்பரில் மணி மட்டும் அடித்தது. பிறகு ஒரு நாள் மணிக்குப் பதிலாக அந்தக் குரல் வந்தது.

"முதல்ல உன்னைக் கண்டபடி திட்டினேன். தினம் திட்டுவேன். நீ கோபமே பட மாட்டே. எத்தனை தடவை கூப்பிட்டாலும் அதே மரியாதை. அவன்கிட்ட சொல்ல வேண்டியதை உன்கிட்ட சொல்ல ஆரம்பிச்சேன். அப்புறம் அவனை விட்டுட்டு உன்கிட்டயே பேச ஆரம்பிச்சேன். சாப்பிடும்போது துணைக்கு ஒரு ஆள். பைத்தியம்னு நினைக்காதே. அது மெஷின்னு எனக்குத் தெரியும்."

"அப்போ சாப்பிட்டியான்னு கேட்டது..."

"உன்னைத்தான்."

ரேடியோ தரையில் நகர்ந்து நாற்காலிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"நான் அந்த நம்பரைத் திருப்பிக் குடுத்துடுறேன்மா," என்றாள்.

"குடுத்துடு. அது அவன் நம்பர். காலியா இருந்தாத்தானே என்னைக்காவது அவன் வந்து கேட்டு வாங்க முடியும்?"

அங்கிருந்தே கம்பெனிக்கு ஃபோன் போட்டாள். அந்தச் சின்னப் பெண் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "விட்டுடலாம் மேடம். ஆனா இப்போ புழக்கத்துக்கு வந்துடுச்சு. நீங்க விட்டா நாளைக்கே வேற யாருக்காவது போயிடும்," என்றாள். ஸ்பீக்கரில் இருந்ததால் டைப்பிஸ்ட் அம்மாவுக்கும் கேட்டது. அவள் சீப்பை மடியில் வைத்துவிட்டு முதல் தடவையாக அழுதாள்.

ரேடியோ யோசித்தாள். பிறகு அந்தப் பெண்ணிடமே கேட்டாள். "இந்த நம்பரை இன்னொரு வீட்டுக்கு மாத்த முடியுமா? அவங்க பேருக்கே?"

முடியும் என்றாள். கம்பியை எடுக்கப் போகிற அந்த வீட்டுக்கும் ஒரு ஃபோன் வேண்டியிருந்தது. லைன்மேனைக் கையை ஒடிக்காமல் உள்ளே விட்டாள் டைப்பிஸ்ட் அம்மா. பழைய கம்பி போனது. ரேடியோவின் ஹெட்ஃபோன் நிசப்தமானது. விளம்பரக் கம்பெனிக்காரர், "இப்போ சுத்தமா இருக்கு மேடம்" என்று பாராட்டினார். அந்தச் சுத்தத்தில் அவளுக்கு இரண்டு நாள் வேலை ஓடவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு பின்தெருவுக்குப் போனாள். அதுவே வாடிக்கையாகிவிட்டது. "என்கிட்ட சொல்லாம ரெண்டாவது குடித்தனம் வச்சிருக்கே," என்று புருஷன் கேலி செய்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவனும் கூட வந்து அந்த அம்மாவுக்குக் கண் டெஸ்ட் பண்ணிப் புதுக் கண்ணாடி போட்டுக் கொடுத்தான்.

மகனின் நம்பர் இப்போது அம்மாவின் மேஜையில் இருந்தது. எல்லாரும் மறந்துபோன நம்பர். அதனால் அடிக்காது என்றுதான் ரேடியோ நினைத்திருந்தாள்.

ஒரு நாள் இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தபோது அடித்தது. டைப்பிஸ்ட் அம்மா எடுத்தாள். ஹலோ சொன்னாள். இன்னொரு தடவை சொன்னாள். முகம் மாறியது. ரிசீவரை ரேடியோவின் பக்கம் நீட்டினாள். "உன் காதுக்குத் தெரியுமே. யாருன்னு சொல்லு," என்றாள் உதட்டசைவில்.

ரேடியோ காதில் வைத்தாள். தூரத்தில் பெரிய மெஷின் ஒன்று விட்டு விட்டு ஓடுகிற சத்தம். அதற்கு முன்னால் மூச்சு. சீரான மூச்சு இல்லை. பேச வாயெடுத்து, நிறுத்தி, மறுபடி வாயெடுக்கிறவர்களுடைய மூச்சு. மைக் முன்னால் முதல் தடவை நிற்கிற எத்தனையோ பேரிடம் அவள் அதைக் கேட்டிருக்கிறாள். ஆணா பெண்ணா என்று கூடத் தெரியவில்லை. அவளும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். பிறகு அந்தப் பக்கம் மெதுவாக வைத்துவிட்டார்கள். பெட்டியின் சின்னத் திரையில் எண் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.

"அவன்தானே?"

"தெரியலைம்மா."

"அவன்னு சொல்லேன்."

சொல்லியிருக்கலாம். சொல்கிற வித்தை அவளுக்குக் கைவந்ததுதான். எந்த வரியையும் நம்பும்படி சொல்வதற்குத்தான் ஊர் அவளைத் தேடி வந்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு முடியவில்லை.

"யாருன்னு தெரியலைம்மா. ஆனா ஒரு ஆள் இருந்தாங்க. நீங்க ஹலோ சொன்னதைக் கேட்டாங்க."

டைப்பிஸ்ட் அம்மா தலையை ஆட்டினாள். நாற்காலியை ஃபோனுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். ரேடியோவும் கிளம்பாமல் உட்கார்ந்தாள். வெளியே வெயில் சரிந்து கேட்டின் நிழல் முன்னறைக்குள் வந்தது.

அன்றைக்கு அது மறுபடி அடிக்கவில்லை. அடுத்த வாரம் ஒரு மத்தியானம் அடித்தது.